51.8 எப்படி 37.8 ஆனது: ஒரு மைல் நடைச் சோதனை அனுபவம்

ஒரு மைல் நடந்து உடல்திறனை ஓர் எண்ணாக மதிப்பிடுகிற சோதனையைச் செய்து பார்த்தேன். முதல் நாள் என் ஸ்பிரெட்ஷீட் 51.8 என்று காட்டியது. எனக்கு வயது 47, எடை 76 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, வேகமாக இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இந்த வயதில் 51.8 என்பது வருடக்கணக்காக விடாமல் ஓடிப் பழகியவர்களிடம் பார்க்கக்கூடிய எண். எங்கேயோ தப்பு இருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தேடத் தேட ஒன்றல்ல, நான்கு தப்பு கிடைத்தது, அவற்றைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. இந்தச் சோதனையைச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் அதே இடங்களில் மாட்டக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் எண்களோடு எழுதி வைக்கிறேன்.

சோதனை இதுதான். சமதரையில் ஒரு மைல், அதாவது 1609 மீட்டர், ஓடாமல் முடிந்த அளவு வேகமாக நடக்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனது, முடிக்கிறபோது நாடித்துடிப்பு எவ்வளவு, இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு, வயது, எடை, ஆணா பெண்ணா என்பதோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் விஓ2 மேக்ஸ் எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். உடம்பு முழு மூச்சாக உழைக்கும்போது ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு, எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதுதான் விஓ2 மேக்ஸ். ஆய்வகத்தில் அளப்பதென்றால் முகமூடி மாட்டி, டிரெட்மில்லில் ஏற்றி, இனி முடியாது என்கிற வரை விரட்டுவார்கள். நடைச் சோதனையில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் அதன் வசதி.

ராக்போர்ட் சோதனை என்ற பெயரில் பரவிய இந்தச் சூத்திரம் 1987இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. 30 முதல் 69 வயது வரையிலான 343 பேரை (165 ஆண்கள், 178 பெண்கள்) ட்ராக்கில் நடக்கவும் வைத்து, ஆய்வகத்தில் டிரெட்மில்லில் அளக்கவும் செய்து, இரண்டையும் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். சூத்திரம்:

விஓ2 மேக்ஸ் = 132.853 − (0.0769 × எடை, பவுண்டில்) − (0.3877 × வயது) + (6.315 × பாலினம்) − (3.2649 × நேரம், நிமிடத்தில்) − (0.1565 × நாடித்துடிப்பு)

பாலினம் என்ற இடத்தில் ஆண் என்றால் 1, பெண் என்றால் 0.

இதில் இரண்டு பொறி இருக்கிறது, இரண்டிலும் நான் விழுந்தேன். எடையைப் பவுண்டில் போட வேண்டும், நான் கிலோவில் 76 என்று போட்டேன். 76 கிலோ என்பது 167.55 பவுண்டு. இந்த ஒரு செல்லைத் திருத்தியதும் 51.8 சட்டென்று 44.8க்கு இறங்கியது, அதாவது ஏழு மில்லிலிட்டர் வெறும் அலகுத் தப்பு. (கிலோவிலேயே போட வேண்டும் என்றால் 0.0769க்குப் பதில் 0.1695 வைத்துக்கொள்ளலாம்.) அடுத்தது நேரம். 14 நிமிடம் 20 விநாடியை 14.20 என்று அடித்திருந்தேன். 20 விநாடி என்பது ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆக அது 14.33. இதில் குறைந்தது 0.4தான், 44.4 ஆனது. ஆனால் 14:58 போன்ற நேரமாக இருந்தால் 14.58க்கும் 14.97க்கும் உள்ள வித்தியாசம் 1.3 மில்லிலிட்டர் வரை போகும். விநாடியை 60ஆல் வகுக்கிற வேலையை ஸ்பிரெட்ஷீட்டிடமே விட்டுவிட்டேன்.

44.4ம் எனக்கு அதிகம்தான். அப்போதுதான் கணக்கை விட்டுவிட்டு நடந்த இடத்தைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

முதல் நடையை வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தேன், தூரத்தைப் போனில் இருந்த ஜிபிஎஸ் செயலி சொன்னது. அது 1.61 கிலோமீட்டர் என்று காட்டிய இடத்தில் நின்றேன். ஆனால் வழி முழுக்க மரம், இரண்டு பக்கமும் உயரமான கட்டடம், நிறைய வளைவு. இந்த மாதிரி இடங்களில் ஜிபிஎஸ் புள்ளிகள் அங்கும் இங்கும் தெறிக்கும், நாம் நேராக நடந்தாலும் செயலி அந்தப் புள்ளிகளைக் கோணல் மாணலாக இணைத்துத் தூரத்தைக் கூட்டிக் காட்டிவிடும். சரி, கையால் அளந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தேன். முன் சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வு தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, நேராக உருட்டி, வால்வு மறுபடி கீழே வரும்போது இன்னொரு கோடு. ஒரு சுற்றை மட்டும் அளந்தால் சின்னத் தப்பும் பெருகும் என்பதால் பத்துச் சுற்று உருட்டி டேப்பால் அளந்து பத்தால் வகுத்தேன். 2.09 மீட்டர் வந்தது. அப்புறம் அதே வழியில், நடந்த அதே ஓரமாக, வால்வைப் பார்த்துக்கொண்டே எண்ணிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். 727 சுற்று. பெருக்கினால் 1519 மீட்டர்தான்.

தொண்ணூறு மீட்டர் குறைவு! அதே வேகத்தில் முழு மைலும் நடந்திருந்தால் 14:20 இல்லை, 15:11 ஆகியிருக்கும். 44.4 இப்போது 41.6 ஆனது.

இந்தச் சூத்திரத்தில் நேரம்தான் எல்லாவற்றையும்விடக் கனமானது. ஒரு நிமிடம் கூடினால் 3.26 மில்லிலிட்டர் குறையும், அதே அளவு குறைய நாடித்துடிப்பு 21 கூட வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 0.17தான், ஒரு வயதுக்கு 0.39. அதனால் எதில் கவனம் வைக்க வேண்டும் என்று கேட்டால் முதலில் தூரம் என்பேன், தூரம் தப்பினால் நேரம் தப்பும். எடைபார்க்கும் இயந்திரம் அரை கிலோ முன்னே பின்னே காட்டுகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த நடையிலிருந்து 400 மீட்டர் ட்ராக்குக்கு மாறிவிட்டேன். நான்கு சுற்று 1600 மீட்டர், ஒரு மைலுக்கு 9.34 மீட்டர் குறைகிறது. தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் அந்த 9.34 மீட்டரை டேப்பால் அளந்து அங்கிருந்து கிளம்பினேன். என் வேகத்தில் இது ஐந்து விநாடிதான், எண்ணில் 0.3கூட இல்லை. ஆனாலும் ஒரு தடவை அளந்தால் போதும் என்கிற வேலையை ஏன் விட வேண்டும். இதைவிட முக்கியம் எந்தத் தடத்தில் நடக்கிறோம் என்பது. 400 மீட்டர் என்பது உட்பக்கத்து முதல் தடத்துக்கு மட்டுமே. இரண்டாவது தடத்தில் ஒரு சுற்றுக்கு 7 மீட்டர் கூடுகிறது, நான்கு சுற்றில் 28 மீட்டர், எனக்கு அது பதினாறு விநாடி. ஓடுகிறவர்களுக்கு முதல் தடத்தை விட்டுக்கொடுப்பது நல்ல பழக்கம்தான், அதனால் கூட்டமே இல்லாத அதிகாலையாகப் பார்த்துப் போனேன்.

இப்போது நாடித்துடிப்பு. இங்கேதான் மிச்சமிருந்த பெரிய ஓட்டை இருந்தது.

முதல் நடையில் முடிவுக்கு வந்ததும் நின்று, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, பூட்டைத் திறந்து, நேரத்தை நிறுத்தி, மறுபடி ஓட விட்டு, மணிக்கட்டில் நாடி எங்கே என்று தடவித் தேடி, 15 விநாடி எண்ணினேன். 27 துடிப்பு, நான்கால் பெருக்கினால் 108. அதை அப்படியே சூத்திரத்தில் போட்டுவிட்டேன். பின்னால் ஒரு நண்பரிடம் நெஞ்சுப் பட்டையைக் கடன் வாங்கி (மார்பைச் சுற்றிக் கட்டுவது, இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கும்) நின்ற பிறகு துடிப்பு எப்படி இறங்குகிறது என்று பார்த்தேன். நின்ற கணத்தில் 138. 15 விநாடியில் 132. அரை நிமிடத்தில் 124. ஒரு நிமிடத்தில் 111. முதல் நாள் நான் எண்ணி முடித்தபோது கிட்டத்தட்ட ஒரு நிமிடம் போயிருந்தது. அதாவது நான் அளந்தது நடையின் துடிப்பை அல்ல, ஓய்வெடுக்கத் தொடங்கிவிட்ட இதயத்தை. மூல ஆய்வில் ஒவ்வொரு கால் மைலுக்கும், நடக்கும்போதே, துடிப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள், சூத்திரத்தில் இருப்பது அந்தக் கடைசிக் கால் மைல் துடிப்புதான். 108ஐ எடுத்துவிட்டு 136 என்று வைத்துப் பார்த்தால் 41.6 இறங்கி 37.2 ஆகிறது. அது என்னை மாதிரி ஆளுக்கு நம்பக்கூடிய எண்.

ஆக 51.8, 44.8, 44.4, 41.6, 37.2. ஒரே நடை, ஒரே ஆள். கவனித்தால் நான்கு தப்பும் ஒரே பக்கமாக, எண்ணைக் கூட்டுகிற பக்கமாகவே இழுத்திருக்கின்றன.

நெஞ்சுப் பட்டை இல்லாதவர்கள் கையால் எண்ணலாம், தாராளமாகப் போதும், ஆனால் சில விஷயங்கள். நாடி எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே தேடிப் பழகிக்கொள்ள வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டே தேடினால் கிடைக்காது. கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதிலேயே ஒரு நாடி அடிக்கும், குழப்பும். கழுத்தில் வைப்பதென்றால் ஒரு பக்கம் மட்டும், மெல்ல, ஏனென்றால் அங்கே அழுத்தினால் உடம்பு தானாகவே இதயத்தை மெதுவாக்கப் பார்க்கும், சிலருக்குத் தலைசுற்றும். நான் மணிக்கட்டையே சொல்வேன். எண்ணும்போது முதல் துடிப்பு ‘பூஜ்யம்’, அந்தக் கணத்தில் கடிகாரம் தொடங்குகிறது, அடுத்த துடிப்புதான் ஒன்று. முதலையே ஒன்று என்று எண்ணினால் ஒரு துடிப்பு கூடிவிடும், நான்கால் பெருக்கும்போது அது நான்காகும். அந்த நான்கு விஓ2 மேக்ஸில் 0.6தான், பெரிய விஷயமில்லை. ஒரு நிமிடம் தாமதிப்பதுதான் விஷயம். நேரத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும்.

ஸ்மார்ட்வாட்ச் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். அது தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. வேகமாகக் கை வீசி நடக்கும்போது அந்த அசைவும் ஒரு ஒழுங்கான ஏற்ற இறக்கமாகவே சென்சாருக்குப் போய்ச் சேருகிறது, சில நேரம் துடிப்புக்குப் பதில் காலடியையே எண்ணிக் காட்டிவிடும். என் வாட்ச் ஒரு நடை முழுக்க 132, 132, 131 என்று சுவர் மாதிரி நின்றது. சந்தேகம் வந்து நடந்துகொண்டே அரை நிமிடம் காலடியை எண்ணினேன், 66 வந்தது. நிமிடத்துக்கு 132! வேக நடையில் காலடி எண்ணிக்கையும் இதயத்துடிப்பும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருப்பதால் இந்தத் தப்பு கண்ணுக்கே தெரியாது. வாட்ச்சின் பட்டையை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளிக் கட்டினால் கொஞ்சம் சரியாகிறது. முழுசாகச் சரியாகவில்லை.

ட்ராக்கில் முதல் நடை. பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத் தொடங்கினேன். உற்சாகத்தில் முதல் சுற்று 3:32, அடுத்தது 3:50, பிறகு 3:58, கடைசி 4:04. கீழ்க்கால் முன்பக்கத் தசை எரிய ஆரம்பித்துவிட்டது, நுரையீரலுக்கு முன்னால் கால் தோற்றுப்போனது. மொத்தம் 15:24, கையால் எண்ணியதில் துடிப்பு 136, விஓ2 மேக்ஸ் 36.5.

மூன்று நாள் கழித்து நெஞ்சுப் பட்டையோடு இரண்டாவது. இந்தத் தடவை முதல் சுற்றிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டேன்: 3:46, 3:45, 3:44, 3:43. மொத்தம் 14:58, துடிப்பு 138, விஓ2 மேக்ஸ் 37.6. தொடக்கத்தில் மெதுவாகப் போனது முடிவில் 26 விநாடி லாபமாக வந்தது. மூன்று நாளில் யாருக்கும் உடல்திறன் இவ்வளவு கூடாது, இது நடக்கத் தெரிந்துகொண்ட லாபம். முழங்கையை மடித்து வைத்துக்கொள்வது, அடியை நீட்டாமல் காலடியை விரைவாக எடுப்பது, எப்போதும் ஒரு பாதம் தரையிலேயே இருப்பது, இவையெல்லாம் பழக்கத்தில்தான் வரும்.

இங்கே மூல ஆய்வின் ஒரு விவரம் எனக்கு ரொம்ப உதவியது. அவர்கள் யாரையும் ஒரே ஒரு நடையோடு அனுப்பிவிடவில்லை. குறைந்தது இரண்டு தடவை நடக்கச் சொல்லி, 30 விநாடிக்குள் ஒத்துப்போகிற இரண்டு நடைகளைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை நடந்துவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்வது சோதனையைப் பாதியில் விடுவதுதான் என்று அதைப் படித்தபோது புரிந்தது. என் முதல் இரண்டு ட்ராக் நடைகளும் 26 விநாடிக்குள் இருந்தாலும் முதலாவது வேகத்தைக் கெடுத்துக்கொண்ட நடை என்பதால் திருப்தியில்லை, இன்னும் நடக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்ததை நேரமில்லாமல் ஒரு மதிய வெயிலில் நடந்தேன். 15:02, கிட்டத்தட்ட அதே வேகம். ஆனால் துடிப்பு 150. விஓ2 மேக்ஸ் 35.5. வெப்பத்தில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, அந்தக் கூடுதல் வேலைக்கும் இதயம்தான் துடிக்க வேண்டும். சூத்திரத்துக்கு அது தெரியாது, தசைக்காகத் துடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். என் உடல்திறன் ஒன்றும் குறைந்துவிடவில்லை, வெயில் இரண்டு மில்லிலிட்டரைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான். தூக்கக் குறைவு, காய்ச்சலிலிருந்து தேறி வருவது, முந்தின நாள் கடுமையான பயிற்சி, காஃபின், பதற்றம் எல்லாமே துடிப்பின் வழியாக எண்ணைக் கெடுக்கலாம்.

கடைசியாக மறுபடி ஒரு குளிர்ந்த காலை. 14:52, 137, 38.1. முந்தைய காலை நடையோடு ஆறு விநாடி வித்தியாசம். இரண்டின் சராசரி 37.8. இதைத்தான் என் எண்ணாக எழுதி வைத்தேன்.

இந்த 37.8 எவ்வளவு உறுதி? ஆய்வகத்தில் அளந்ததோடு ஒப்பிட்டபோது இந்தச் சூத்திரத்தின் திட்டப்பிழை 5 மில்லிலிட்டர். அதாவது 37.8 என்று வந்த மூன்று பேரை முகமூடி மாட்டி அளந்தால், தோராயமாக இரண்டு பேர் 33க்கும் 43க்கும் நடுவில் இருப்பார்கள், ஒருவர் அதற்கும் வெளியே. இது சின்ன இடைவெளி இல்லை. ‘என்னது 38, உன்னது 36’ என்று இரண்டு பேர் ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமே கிடையாது. சோதனை 30 முதல் 69 வயதுக்காரர்களை வைத்து உருவானது, கல்லூரி வயதுப் பிள்ளைகளிடம் இதே சூத்திரம் கூட்டிக் காட்டுகிறது. நன்றாக ஓடிப் பழகியவர்களுக்கு வேறு சிக்கல்: நடையின் வேகத்துக்கே ஒரு கூரை இருக்கிறது, மணிக்கு 7 கிலோமீட்டரை ஒட்டி வந்ததும் உடம்பு தானாக ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும். இதயத்தில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கும், கால் அதைக் கேட்காது. அவர்களுக்கு 1968இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் பொருத்தம்: 12 நிமிடத்தில் ஓடிய மீட்டரிலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் போதும், துடிப்பே வேண்டாம். ஆனால் அதில் முழு மூச்சாக ஓட வேண்டும், ஓடிப் பழகாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை வேண்டுமென்றே சோதித்தும் பார்த்தேன். மெதுவாக நடந்தால் துடிப்பும் குறைவாகத்தானே இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி அதே எண் வந்துவிடுமோ என்று ஒரு சந்தேகம். பேசிக்கொண்டே போகிற வேகத்தில் 17:30 எடுத்து நடந்தேன், துடிப்பு 112. வந்தது 33.4. ஈடுகட்டவில்லை, நான்கு மில்லிலிட்டருக்கு மேல் குறைத்துவிட்டது. ‘முடிந்த அளவு வேகமாக’ என்பது சும்மா ஊக்கத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை, சூத்திரமே அதை நம்பித்தான் நிற்கிறது.

அக்காவின் நடைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. நான் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் அக்காவும் ஒரு நாள் ட்ராக்குக்கு வந்தார். வயது 55, எடை 64 கிலோ. 16:40இல் முடித்தார், முகம் சிவந்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. நெஞ்சுப் பட்டை காட்டியது 92. கணக்குப் போட்டால் 31.9.

“பரவாயில்லையேடா, என் வயசுக்கு இது நல்ல எண்தானே?” என்று கேட்டார். வயதுவாரியான விஓ2 மேக்ஸ் அட்டவணைப்படி நல்ல எண்தான். ஆனால் அவ்வளவு மூச்சு வாங்குகிற ஒருவருக்கு 92 என்பது எப்படிப் பொருந்தும்? பட்டை கழன்றுவிட்டதோ என்று மணிக்கட்டில் எண்ணினேன், கிட்டத்தட்ட அதேதான். பிறகுதான் நினைவு வந்தது.

“அக்கா, பிபிக்கு என்ன மாத்திரை போடுற?”

வீட்டுக்குப் போய் அட்டையைப் பார்த்தோம், பீட்டா பிளாக்கர். அந்த வகை மாத்திரை இதயத்துடிப்பை வேகமெடுக்க விடாமல் பிடித்து வைக்கும், அதன் வேலையே அது. சூத்திரமோ துடிப்பு குறைவாக இருப்பதைத் திடமான இதயம் என்று படித்துக்கொள்ளும். மாத்திரை இல்லாமல் இதே நடைக்கு 125 துடித்திருக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வருவது 26.7. ஐந்து மில்லிலிட்டர் மாத்திரையின் கணக்கு. அக்காவின் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் தப்பான எண்ணை அவர் கையில் கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை.

இதை அழுத்திச் சொல்கிறேன்: சோதனைக்காக அந்த மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இதய நோய் இருப்பவர்கள், நடக்கும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்த அனுபவம் உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இந்த மாதிரி முழு வேக நடையில் இறங்கவே வேண்டாம். நான் அக்காவிடம் மாத்திரை பற்றி முன்னாடியே கேட்டிருக்க வேண்டும்.

அக்கா தன் மருத்துவரிடம் பேசினார், அவர் சரி என்ற பிறகு ஆறு நிமிட நடைக்கு மாறினோம். நுரையீரல், இதய நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் செய்கிற சோதனை அது, அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் 2002 வழிகாட்டுதலில் முறை தெளிவாக இருக்கிறது. 30 மீட்டர் நேர்வழி, இரண்டு முனையிலும் அடையாளம், போய்த் திரும்பிக்கொண்டே ஆறு நிமிடத்தில் முடிந்தவரை தூரம் நடக்க வேண்டும், ஓடக் கூடாது, தேவைப்பட்டால் நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. வார்ம்-அப் கிடையாது, மாறாகப் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் தொடங்க வேண்டும். முடிவு என்பது தூரம் மட்டுமே, துடிப்பு கணக்கில் வருவதில்லை, அதனால் மாத்திரை அதைப் பொய்யாக உயர்த்திக் காட்ட வழியில்லை. அக்கா முதல் தடவை 480 மீட்டர், சரியாகப் பதினாறு நீளம். ஒரு வாரத்தில் செய்த இரண்டாவதில் 498. இதிலும் இரண்டாம் தடவை பழக்கத்தால் கூடும் என்பது தெரிந்த விஷயம், அதனால் 498ஐத் தொடக்கமாக வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு பத்து வாரம். நான் வாரத்துக்கு ஐந்து நாள் நாற்பது நிமிடம் நடந்தேன், அதில் இரண்டு நாள் மூன்று நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி. மறுபடி அதே ட்ராக், அதே அதிகாலை, அதே காலணி. எடை 75, நேரம் 14:10, துடிப்பு 135, விஓ2 மேக்ஸ் 40.9. மூன்று மில்லிலிட்டர் ஏற்றம். திட்டப்பிழையே 5 என்கிறபோது 3க்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். அந்த 5 என்பது ஆளுக்கு ஆள் சூத்திரம் எவ்வளவு விலகுகிறது என்பது. என் விஷயத்தில் சூத்திரம் மேலே விலகினாலும் கீழே விலகினாலும் பத்து வாரம் கழித்தும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் விலகும். எனக்கு எனக்குள் வருகிற ஏற்ற இறக்கம் 37.6க்கும் 38.1க்கும் நடுவில் உள்ள அரை மில்லிலிட்டர் மாதிரிதான், அதோடு ஒப்பிட்டால் மூன்று பெரிது.

ஆனாலும் நடைத் திறமை இன்னும் கொஞ்சம் கூடியிருக்கலாமே என்ற உறுத்தல் போகவில்லை, வேகம் கூடியது இதயத்தாலா இடுப்பாலா? அதற்குத்தான் ஒரு வழி செய்தேன், இந்த முழு வேலையிலும் எனக்கு அதிகம் பிடித்த பகுதி அது. சூத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, வேகத்தைப் பழைய இடத்திலேயே கட்டிப்போட்டேன். பத்து வாரம் முன்பு ஒரு சுற்று சராசரியாக 3:44, அதாவது 100 மீட்டருக்கு 56 விநாடி. போனில் 56 விநாடிக்கு ஒரு பீப் வைத்து, ட்ராக்கின் ஒவ்வொரு 100 மீட்டர் அடையாளத்திலும் பீப்போடு காலை வைக்கிற மாதிரி நான்கு சுற்று நடந்தேன். வேகம் அதே, தூரம் அதே, காலைக் குளிர் அதே. கடைசிச் சுற்றில் துடிப்பு 127. முன்பு இதே வேகத்துக்கு 137, 138. பத்துத் துடிப்பு குறைந்திருக்கிறது, இதற்குள் வயதும் இல்லை எடையும் இல்லை 343 பேரின் சராசரியும் இல்லை. நடைத் திறமைக்கு இதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம், ஆனால் பத்துத் துடிப்பு முழுக்க அதனால் என்று நான் நினைக்கவில்லை. விஓ2 மேக்ஸ் எவ்வளவு என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிற அவசியம் இல்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் செய்தாலே போதும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கடிகாரமும் தூரம் தெரிந்த ஒரு பாதையும் இரண்டு விரலும் இருந்தால் முடிந்தது. (அக்காவின் மாதிரி மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இது உதவாது, அவர் தூரத்தையே வைத்துக்கொண்டிருக்கிறார், சென்ற வாரம் 531 மீட்டர்.)

அடுத்த நடை ஆறு வாரம் கழித்து. அதே முதல் தடம், 56 விநாடிக்கு ஒரு பீப், முடிந்தால் மறுநாள் விட்டு அடுத்த நாள் முழு வேக மைல். அதற்குள் எனக்கு 48 பிறந்துவிடும், பிறந்தநாளன்று சூத்திரம் 0.39 குறைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும் வரிகளில் மட்டும் வயது செல்லில் 47ஐ அப்படியே விடப் போகிறேன்.